தொடாமலே கெடுவது ஏன்?

“நான் எதையும் தொடவே இல்லைங்க. நேற்று வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு.” கணினி பழுதுபார்க்கும் கடை எதுவானாலும் இந்த வாசகத்தைக் கேட்காத நாள் இருக்காது. இ-சேவை மையத்தில் வேலை பார்ப்பவரும் கல்லூரி மாணவரும் பள்ளி ஆசிரியரும் இதையேதான் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை. இயந்திரத்தின் பாகம் தேயவில்லை, கோப்பு எதுவும் அழிக்கப்படவில்லை. ஆனாலும் நேற்று திறந்த செயலி இன்று திறக்க மறுக்கிறது.

தொட்டவர் வேறொருவர். அந்தச் செயலிக்கு அடியில் இருக்கும் ஒரு துண்டை எங்கோ யாரோ மாற்றியிருக்கிறார். அந்த மாற்றத்துக்கு நியாயமான காரணமும் இருக்கும். மாறும் துண்டுக்கும் மாறாமல் இருக்க விரும்பும் நமக்கும் நடுவே நின்று சிலர் ஓயாமல் வேலை செய்கிறார்கள். இந்த அத்தியாயம் அவர்களுடைய வேலையைப் பற்றியது.

அடியில் இருப்பவை

ஒரு செயலியை எழுதுபவர் எல்லாவற்றையும் தானே எழுதுவதில்லை. தேதியைக் காட்ட, படத்தைச் சுருக்க, பெயர்களை வரிசைப்படுத்த என்று ஒவ்வொரு வேலைக்கும் ஏற்கெனவே யாரோ எழுதிச் சோதித்த நிரல்கள் இருக்கின்றன. பல செயலிகளும் எடுத்தாளும்படி அமைந்த இந்தப் பொது நிரல் தொகுப்பை ‘நிரலகம்’ என்போம். ஒரு நிரலகம் இல்லாவிட்டால் ஒரு செயலி ஓடாது என்றால், அந்தச் செயலி நிரலகத்தைச் ‘சார்ந்து’ இருக்கிறது.

செயலியையோ நிரலகத்தையோ, அது எவற்றைச் சார்ந்தது என்ற குறிப்போடு சேர்த்து, உங்கள் கணினியில் நேராக நிறுவும் வடிவில் கட்டித் தருவது ‘பொதி’. அதைக் கட்டி, காலகாலமாகக் காத்து வருபவர் ‘பொதி பராமரிப்பாளர்’.

1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் என்ற இயங்குதளம் இப்படிப்பட்ட பொதிகளின் பெருந்திரட்டு. 2023இல் வெளியான டெபியன் 12இல் 64,419 பொதிகள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 69,830. இவற்றைப் பராமரிப்பவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். உபுண்டு டெபியனிலிருந்து கிளைத்தது. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அப்படியே. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனில் ஒரு பொதி சரியாகக் கட்டப்பட்டதா இல்லையா என்பது கடலூர் மாவட்டத்து மாணவரின் மடிக்கணினி வரை வந்து சேர்கிற விஷயம்.

செம்மங்குப்பம் முதலில் வருமா, சென்னை வருமா?

இத்தனை பொதிகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் ஐசியூ. எழுத்துகளை உலகின் மொழிகளுக்கேற்பக் கையாளும் நிரலகம் அது. ஐபிஎம் நிறுவனம் 1999இல் அதைத் திறமூலமாக வெளியிட்டது. எழுத்துகளுக்கு உலகப் பொது எண்களை வகுக்கும் யூனிகோட் கூட்டமைப்பின் பொறுப்பில் அது 2016 முதல் இருக்கிறது.

அது என்ன செய்கிறது? கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி இருக்கிறது செம்மங்குப்பம். இந்த ஊரையும் சென்னையையும் அகரவரிசைப்படுத்தினால் எது முதலில் வரும்? இரண்டும் ‘செ’யில் தொடங்குகின்றன. அடுத்து ஒன்றில் ‘ம’, மற்றதில் ‘ன’. நம் நெடுங்கணக்கில் ‘ன’ கடைசி மெய். எனவே செம்மங்குப்பம் முதலில், சென்னை பிறகு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும்.

கணினிக்கு இது தானாகத் தெரியாது. அது எழுத்துகளை எண்களாகவே வைத்திருக்கிறது. யூனிகோடில் ‘ன’வின் எண் 2985, ‘ம’வின் எண் 2990. இந்திய மொழிகள் பலவற்றையும் ஒரே அச்சில் அமைத்த ‘இஸ்கி’ என்ற பழைய குறியீட்டு முறையைத் தழுவி யூனிகோட் அட்டவணை அமைந்தது. அதனால் ‘ன’ தன் கடைசி இடத்தை விட்டு ‘ந’வுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. எண்ணை மட்டும் பார்க்கும் கணினி சென்னையை முன்னே தள்ளி, செம்மங்குப்பத்தைப் பின்னே வைக்கும். இதைச் சரிசெய்து தமிழ் வரிசையைக் காட்டுவது ஐசியூ. லிப்ரே ஆபிஸ், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், இணையதளங்கள் எழுதும் பிஎச்பி, நோட்.ஜேஎஸ் எனப் பலவும் அதைச் சார்ந்து நிற்கின்றன.

மாறாமல் இருந்தால் என்ன?

ஐசியூ ஆண்டுக்கு இருமுறை புதிய பதிப்பாக வெளிவருகிறது. இத்தனை அவசரம் எதற்கு என்று தோன்றலாம். உலகம் மாறுகிறது என்பதுதான் காரணம். 2010 ஜூலையில் இந்தியா ரூபாய்க்குப் புதிய குறியை ஏற்றது. அந்த அக்டோபரிலேயே யூனிகோடில் அது சேர்ந்தது. நாடுகள் நேர மண்டலத்தை மாற்றுகின்றன, புதிய நாணயத்தை வெளியிடுகின்றன, புதிய எழுத்துகள் அட்டவணையில் ஏறுகின்றன.

இதில் தமிழுக்கும் நேரடியான பங்கு உண்டு. 2019 மார்ச்சில் வெளியான யூனிகோட் 12இல் ‘தமிழ் இணைப்பு’ என்ற புதிய தொகுதி இடம்பெற்றது. பழைய ஓலைகளிலும் கணக்கேடுகளிலும் உள்ள பின்னங்கள், அளவைகள், கணக்குக் குறிகள் என 51 குறிகள் அதில் உள்ளன. அதே மாதம் வந்த ஐசியூ 64 அவற்றை அறிந்திருந்தது. ஆனால் அந்த ஜூலையில் வெளியான டெபியன் 10இல் இருந்தது ஐசியூ 63. அதற்கு அந்தக் குறிகள் என்னவென்றே தெரியாது. ஐசியூ 67உடன் டெபியன் 11 வந்தது 2021 ஆகஸ்டில். டெபியனின் நிலையான பதிப்பைப் பயன்படுத்தியவரின் நிரலகத்துக்கு நம் பழைய பின்னங்கள் அறிமுகமாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அப்படியானால் புதியதை உடனே ஏற்றியிருக்கலாமே? அங்கேதான் பொதி பராமரிப்பாளரின் சிக்கல் தொடங்குகிறது.

பெயரோடு ஒட்டிய எண்

பல நிரலகங்கள் தங்களைச் சார்ந்தவர்களுக்கு ஒரு வாக்கு கொடுக்கின்றன: உள்ளே எதை மாற்றினாலும், நீங்கள் என்னை அழைக்கும் விதம் மாறாது. லினக்ஸின் அடித்தளமான ஜிலிப்சி என்ற நிரலகம் இந்த வாக்கை 1990களின் இறுதியிலிருந்து காத்து வருகிறது. அதற்கும் ஆண்டுக்கு இரண்டு வெளியீடுகள் உண்டு. இருந்தும் கோப்பின் பெயரில் இருக்கும் 6 என்ற எண் இன்றுவரை 6தான்.

ஐசியூ அந்த வாக்கைக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு பெரிய பதிப்பிலும் அதன் கோப்புப் பெயரில் உள்ள எண் மாறுகிறது. டெபியன் 12இல் அது 72, டெபியன் 13இல் 76. கோப்பு மட்டுமல்ல, உள்ளே இருக்கும் ஒவ்வொரு செயற்கூற்றின் பெயரின் வாலிலும் அந்த எண் ஒட்டியிருக்கிறது. 72க்காகக் கட்டப்பட்ட லிப்ரே ஆபிஸ், வரிசைப்படுத்தும் வேலைக்கு 72 என்று முடியும் பெயரைத்தான் கேட்கும். கணினியில் 76 மட்டும் இருந்தால், கேட்டது கிடைக்கவில்லை என்று சொல்லித் தொடங்காமலே நின்றுவிடும்.

தொட்டவர் யாரென்று கேட்டோமே, அதற்கு ஒரு விடை இது. செயலி அப்படியே இருக்கிறது. அது கேட்கும் பெயருக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை.

இது முரட்டுத்தனமாகத் தெரிந்தாலும் நாணயமான முறை. எண் மாறியதும் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. பழையதையும் புதியதையும் ஒரே கணினியில் அருகருகே வைத்துக்கொள்ளவும் முடிகிறது. ஆனால் இதற்கான விலையைப் பராமரிப்பாளர் கொடுக்க வேண்டியிருக்கிறது: ஒவ்வொரு முறையும் ஐசியூவைச் சார்ந்த எல்லாப் பொதிகளையும் மறுபடி கட்ட வேண்டும்.

ஒரு பதிப்பு உள்ளே வரும் வழி

டெபியனில் இந்த வேலைக்கு ‘டிரான்சிஷன்’ என்று பெயர். நாம் ‘இடமாற்றம்’ என்போம். அது படிப்படியாக நடக்கிறது.

முதலில் புதிய ஐசியூவைக் கட்டி, ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்ற சோதனைக் கிடங்கில் ஏற்றுகிறார்கள். அடுத்து, சார்ந்திருக்கும் பொதிகளை ஒவ்வொன்றாக அதனோடு சேர்த்துக் கட்டிப் பார்க்கிறார்கள். பல ஒன்றும் சொல்லாமல் கட்டிக்கொள்ளும். சில உடையும். உடைந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு வழு அறிக்கை பதிவாகும். அந்தப் பொதியைக் காப்பவர் வேறொருவர். அவர் வேறொரு நாட்டில் இருப்பார், பகலில் வேறு வேலை பார்ப்பார். அவர் தீர்வு காண வேண்டும், இல்லையேல் மூல ஆசிரியரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

உடைவது எவ்வளவு சிறிய காரணத்தால் என்று பார்க்க, 2020 அக்டோபரில் வெளியான ஐசியூ 68ஐ எடுத்துக்கொள்ளலாம். உண்மை, பொய் இரண்டையும் குறிக்க ‘ட்ரூ’, ‘ஃபால்ஸ்’ என்ற சொற்களை ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஐசியூ தன் கோப்புகளில் நீண்ட காலமாக வரையறுத்து வைத்திருந்தது. நிரல்மொழியே அதற்கான வழியைத் தந்துவிட்டதாலும், வேறு நிரல்களின் பெயர்களோடு அவை மோதியதாலும், 68இல் அந்த வரையறையை இயல்பாகக் கிடைக்காதபடி எடுத்துவிட்டார்கள். எடுத்தது நியாயமே. ஆனால் ஐசியூ வரையறுத்ததையே நம்பி அந்தச் சொற்களைத் தங்கள் நிரலில் பயன்படுத்தியவர்கள் ஏராளம். போஸ்ட்கிரெஸ், பிஎச்பி போன்ற பெரிய திட்டங்களும் அதில் அடக்கம். புதிய ஐசியூவோடு அவற்றைக் கட்டப் போனால், இந்தச் சொல் என்னவென்று தெரியவில்லை என்று கணினி நின்றது. திருத்தம் எளியது: பெரிய எழுத்தைச் சிறிய எழுத்தாக்கினால் போதும். ஆனால் அந்த எளிய திருத்தத்தைத் திட்டம் திட்டமாகத் தேடிச் செய்ய வேண்டியிருந்தது.

எல்லாம் கட்டிக்கொள்ளும் என்று தெரிந்த பிறகு வெளியீட்டுக் குழு நேரம் ஒதுக்கும். அதே சமயத்தில் வேறொரு பெரிய நிரலகமும் இடம் மாறிக்கொண்டிருந்தால் இரண்டும் பின்னிக்கொள்ளும். இரண்டையும் சார்ந்த ஒரு பொதி உடைந்தால் இரண்டு வேலையும் சேர்ந்து நிற்கும். ஆகவே காத்திருக்க வேண்டும். முறை வந்ததும் சார்ந்த பொதிகள் அனைத்தும், டெபியன் ஆதரிக்கும் ஒவ்வொரு வகைக் கணினிச் சில்லுக்கும் தனித்தனியாகக் கட்டப்படுகின்றன. டெபியன் 13இல் அத்தகைய வகைகள் ஏழு. கடைசியில் எல்லாம் ஒன்றாக அடுத்த கட்டத்துக்கு நகர வேண்டும். ஒன்று பின்தங்கினாலும் மற்றவை காத்திருக்கும்.

இவ்வளவும் முடிவதற்குள் அடுத்த ஐசியூ வந்துவிடலாம். டெபியன் 12இல் இருந்த 72க்கும் டெபியன் 13இல் வந்த 76க்கும் இடையில் 73, 74, 75 ஆகியவை வெளிவந்தன. நிலையான பதிப்பை மட்டும் பயன்படுத்துபவர் அவற்றைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

சத்தமில்லாத பிழை

இதுவரை பார்த்த உடைவுகளெல்லாம் சத்தம் போடுபவை. செயலி கட்டாது, அல்லது தொடங்காது. பராமரிப்பாளர் உண்மையில் அஞ்சுவது வேறொன்றை: எல்லாம் ஓடுகிறது, ஆனால் விடை தவறு.

ஊர்ப் பெயர்களின் தரவுத்தளம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். விரைவாகத் தேடுவதற்காக அது பெயர்களை வரிசைப்படுத்தி ஒரு பட்டியலில் வைத்திருக்கும். அதன் பெயர் இன்டெக்ஸ். விளக்கத்துக்காக, அந்த வரிசை எழுத்துகளின் எண்களைக் கொண்டு அமைந்தது என்போம்:

கடலூர், குறிஞ்சிப்பாடி, சிதம்பரம், சென்னை, செம்மங்குப்பம், நெய்வேலி, பண்ருட்டி.

தேடும் முறை நாம் அகராதி பார்ப்பது போன்றதே. நடுவில் திறப்பது, தேடும் சொல் முன்னே இருக்குமா பின்னே இருக்குமா என்று முடிவு செய்து பாதியை ஒதுக்குவது, மீதியில் மீண்டும் நடுவில் திறப்பது.

இப்போது வரிசைப்படுத்தும் விதி மாறி, சரியான தமிழ் நெடுங்கணக்கு வந்துவிட்டது. ஆனால் பட்டியலை யாரும் திரும்பக் கட்டவில்லை. ஒருவர் செம்மங்குப்பத்தைத் தேடுகிறார். ஏழு பெயர்களில் நடுவே இருப்பது சென்னை. புதிய விதிப்படி செம்மங்குப்பம் சென்னைக்கு முன்னே வர வேண்டும். எனவே கணினி வலப்பக்கம் முழுவதையும் ஒதுக்கிவிட்டு இடப்பக்கம் போகிறது. அங்கே நடுவில் குறிஞ்சிப்பாடி. செம்மங்குப்பம் அதற்குப் பின்னே வரும். மிஞ்சியது சிதம்பரம் மட்டும். செம்மங்குப்பம் அதற்கும் பின்னே. அதற்குமேல் பார்க்க இடமில்லை. ‘அப்படி ஒரு ஊர் இல்லை’ என்று விடை வருகிறது. சென்னைக்கு அடுத்த கட்டத்திலேயே அந்தப் பெயர் பத்திரமாக இருக்கிறது!

ஆபத்து இதோடு நிற்பதில்லை. ஒரே பதிவு இருமுறை ஏறக் கூடாது என்பதற்கும் இதே பட்டியலைத்தான் தரவுத்தளம் நம்புகிறது. ஏற்கெனவே இருப்பது அதன் கண்ணில் படாவிட்டால் இரண்டாவதையும் ஏற்றுக்கொள்ளும். பிழைச் செய்தி ஒன்றும் வராது.

இது கற்பனைப் பயம் அல்ல. வாக்குத் தவறாத நிரலகம் என்றோமே, அந்த ஜிலிப்சியிலேயே 2018 ஆகஸ்டில், 2.28 என்ற பதிப்பில் வரிசைப்படுத்தும் விதிகள் பெரிய அளவில் மாறின. பல மொழி அமைப்புகளில் ‘11’ முன்னும் ‘1-1’ பின்னும் வந்த வரிசை தலைகீழானது. அழைக்கும் பெயர் மாறவில்லை, கோப்பின் எண்ணும் மாறவில்லை. எல்லாச் செயலிகளும் வழக்கம்போலத் தொடங்கின. ஆனால் பழைய விதியில் கட்டிய போஸ்ட்கிரெஸ் இன்டெக்ஸ்கள் புதிய விதியோடு பொருந்தாமல் போயின. இயங்குதளத்தைப் புதுப்பித்தவர்கள் இன்டெக்ஸ்களை மீண்டும் கட்ட வேண்டியிருந்தது. விஷயம் தெரியாதவர்களின் தரவில் பிழை சேர்ந்துகொண்டே போனது.

ஒரு நிரலகம் தன் பெயரைக் காப்பாற்றினால் மட்டும் போதாது, அது தரும் விடைகளும் வாக்கின் பகுதி என்பதை இது காட்டுகிறது. 2017இல் வந்த போஸ்ட்கிரெஸ் 10 ஐசியூவை ஏற்றபோது, எந்தப் பதிப்பு விதியில் வரிசைப்படுத்தினோம் என்பதையும் கூடவே குறித்துவைத்தது. பின்னால் பதிப்பு மாறியிருந்தால் எச்சரிக்கிறது. சத்தமில்லாத பிழையைச் சத்தமுள்ளதாக மாற்றும் வழி இது. பொதி பராமரிப்பின் கலையில் பெரும்பகுதி இதுவே.

ஆளுக்கொரு பிரதி

இவ்வளவு பாடு எதற்கு? ஒவ்வொரு செயலியும் தனக்குப் பிடித்த ஐசியூவைத் தன்னோடே சுமந்து வரலாமே? பல செயலிகள் அப்படித்தான் செய்கின்றன. குரோம் உலாவி ஓர் உதாரணம். அங்கே இடமாற்றம் இல்லை, காத்திருப்பும் இல்லை.

விலை வேறொரு நாளில் தெரியும். 2020 தொடக்கத்தில் ஐசியூவில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டறியப்பட்டது. மிக நீளமான எழுத்துத் தொடர்களை ஒட்டும்போது அளவுக் கணக்கு நிரம்பி வழிந்து, நினைவகத்தில் எழுதக் கூடாத இடத்தில் எழுதும் பிழை அது. 66 வரையிலான பதிப்புகளில் அது இருந்தது. டெபியன் 10இன் பராமரிப்பாளர்கள் புதிய பதிப்புக்குத் தாவாமல், அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்துத் தங்கள் பழைய 63இல் பொருத்தி வெளியிட்டார்கள். பொது ஐசியூவைச் சார்ந்த செயலிகள் அனைத்துக்கும் அந்த ஒரு திருத்தம் போதுமானதாக இருந்தது. தன் பிரதியைச் சுமந்த குரோம் தனியே ஒரு புதுப்பிப்பை வெளியிட வேண்டியிருந்தது. கூகுளுக்கு அதற்கான ஆள்பலம் உண்டு. ஒரு சிறு நிறுவனம் செய்துகொடுத்துவிட்டுப் போன கணக்குச் செயலிக்குள் ஒளிந்திருக்கும் பிரதியை யார் திருத்துவார்? 2021 டிசம்பரில் லாக்4ஜே நிரலகத்தில் ஓட்டை வெளிப்பட்டபோது உலகம் முழுவதும் நிறுவனங்கள் தவித்ததற்கு இதுவே காரணம். எந்தச் செயலிக்குள் அதன் பிரதி இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது.

பொதுப் பிரதி வைத்தால் மாற்றத்தின் வலியை எல்லோரும் ஒரே நேரத்தில் அனுபவிக்கிறோம். தனிப் பிரதி வைத்தால் வலி தெரியாமல் நோய் தங்குகிறது. இரண்டில் முதலாவதே நல்லது என்று நான் நம்புகிறேன். நடுவே நின்று அந்த வலியைத் தாங்க ஆட்கள் இருந்தால்தான் அது நடக்கும்.

தமிழுக்கு யார் பார்ப்பார்?

பராமரிப்பாளருக்கு உதவும் கருவிகளில் வலிமையானது சோதனை நிரல். புதிய பதிப்பு வந்ததும் பழைய கேள்விகளைத் தானே கேட்டு, விடை மாறினால் உடனே அறிவிக்கும் சிறு நிரல் அது. டெபியனில் பல பொதிகளோடு இத்தகைய சோதனைகள் வருகின்றன. நிரலகம் மாறும்போது அதைச் சார்ந்தவற்றின் சோதனைகளும் ஓடுகின்றன. ஒன்று தோற்றாலும் புதிய பதிப்பு அடுத்த கட்டத்துக்குப் போகாமல் நிறுத்தப்படலாம்.

ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்பது என்று கருவி சொல்லாது. ‘ம’வுக்குப் பின்னே ‘ன’ வர வேண்டும், ‘க்’ முன்னும் ‘க’ பின்னும் வர வேண்டும், ‘ஜ’ போன்ற கிரந்த எழுத்துகள் தமிழ் மெய்களுக்குப் பிறகு வர வேண்டும் என்பதை ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ இருக்கும் பராமரிப்பாளர் அறிய வழியில்லை. அவர் கண்ணுக்கு இரண்டு வரிசையும் ஒன்றுதான். தவறினால் சத்தம் எழாது. அது பிறப்புச் சான்றிதழ்த் தேடலிலும் வாக்காளர் பட்டியலிலும் நூலக அட்டவணையிலும் வந்து இறங்கும்.

இந்தக் கேள்விகளைத் தமிழ் படித்தவர்கள்தான் எழுத வேண்டும். இதற்குப் பெரிய நிரலாளராக இருக்கத் தேவையில்லை. ஐசியூவுக்கு மொழித் தரவை வழங்கும் சிஎல்டிஆர் திட்டத்தில் மாதப் பெயர்கள், தேதி அமைப்பு, நாணயப் பெயர்கள் ஆகியவற்றைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்லலாம். திறமூலத் திட்டங்களில் வழு அறிக்கை பதிய எவருக்கும் உரிமை உண்டு. கடலூர் அரசுக் கல்லூரியிலோ அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ கணினி அறிவியல் படிக்கும் மாணவர்கள் ஒரு பருவத்தில் முப்பது தமிழ்ச் சொற்களை எடுத்து, அவற்றின் சரியான வரிசையைத் தமிழ்த்துறை ஆசிரியரிடம் சரிபார்த்து, சோதனை நிரலாக எழுதி அனுப்பலாம். விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு போன்ற அமைப்புகள் பக்கத்திலேயே இருக்கின்றன. வழிகாட்ட ஆள் உண்டு.

அப்படி ஒரு சோதனை உள்ளே ஏறிவிட்டால், அதன்பின் வரும் ஒவ்வொரு பதிப்பும் அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். எழுதியவர் படிப்பை முடித்து வேறு ஊருக்குப் போன பிறகும் அது ஓடும். மாறிக்கொண்டே இருக்கும் நிரலகத்தில் ஒரு மொழி தனக்கென நிலையான இடத்தைப் பிடிப்பது இப்படித்தான்.